சீல் அக்காவும் வெள்ளை இன்டெக்ராவும்

கிள்ளான் வட்டாரத்தில் தன் நிழலைக்கூடத் திரும்பிப் பார்த்து, ‘இது நம்முடையதுதானா’ என்று உறுதி செய்துகொண்ட பிறகே கூட்டிக்கொண்டு நடந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் சீல் அக்கா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். அந்தப் பட்டியலைப் பார்க்கும் அதிகாரம் எனக்கு இல்லை. இருந்திருந்தாலும் அக்கா பார்க்க விட்டிருக்க மாட்டார்.

தெலுக் பங்லிமா காராங்கில் இயந்திர உதிரிப்பாகங்களை ஏற்றி அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் நான் டாக்குமெண்ட் கிராணியாக, அதாவது சரக்குத் தாள்களை எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அக்கா அங்கே ஸ்டோர் கீப்பர். சேர்ந்த முதல் நாள், நல்ல பிள்ளையாக ஸ்டோர் வாசலில் நின்று சொன்னேன்:

“குட் மார்னிங் அக்கா.”

அக்கா தலை நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏன்?”

முப்பது வருஷ வாழ்க்கையில் குட் மார்னிங்குக்கு யாரும் என்னிடம் காரணம் கேட்டதில்லை. “சும்மாதான் அக்கா” என்றேன். “சும்மா யாரும் எதையும் சொல்ல மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு, என் பெயரையும் நேரத்தையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

கன்டெய்னர் கதவுக்கு ஒரு பிளாஸ்டிக் சீல் போடுவார்கள். பார்த்திருப்பீர்கள். எண் அச்சடித்திருக்கும், ஒரு முறை மாட்டினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அக்காவுக்கு அந்த சீல்மீது அப்படி ஒரு பிரியம். கன்டெய்னருக்குக் கம்பெனி சீல். மற்றதற்கெல்லாம் சொந்தச் செலவில் வாங்கிய சீல். அவருடைய மேசை இழுப்பறைக்கு சீல், பிஸ்கட் டின்னுக்கு சீல், மைலோ டின்னுக்கு சீல், குடைக்கு சீல். ஒரு நாள் திடீரென்று மழை கொட்டியபோது அக்கா குடையை விரிக்காமல் நனைந்துகொண்டே கேட்வரை ஓடினார். சீலை வெட்டும் நகவெட்டி கைப்பைக்குள் இருந்தது; கைப்பைக்கும் சீல்.

இப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை காலை இன்டெக்ராவில் வந்து இறங்கினார்.

வெள்ளை நிற இரண்டு கதவு கார்; எங்கள் பேச்சில் காடி. தரையை முகர்ந்துகொண்டு போவது மாதிரி தாழ்வான உடம்பு. உள்ளே கோழிக்கொண்டைச் சிவப்பில் சீட்டுகள். முதலாளியின் மகன்தான் வந்துவிட்டான் என்று நினைத்து கேட்டில் காவல் நிற்கும் ஜாகா விறைத்து நின்று சல்யூட் அடித்தார். கதவு திறந்தது. முதலில் ஒரு கைப்பை வெளியே வந்தது. அதன் பின்னால் ரப்பர் செருப்பு போட்ட ஒரு கால். அதற்கும் பின்னால், கதவைப் பிடித்து ஒரு தம் கட்டி, நாற்பத்தெட்டு வயது சீல் அக்கா எழுந்து நின்றார்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மணியம் சரக்கு அடுக்கிய மரப் பேலட்டை அந்தரத்திலேயே விட்டுவிட்டு ஓடி வந்தான். “இன்டெக்ரா லா! டைப் ஆர் லா! கேம்ல வருமே, அந்தக் காடி!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான். எனக்கும் தெரியும். எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் அதை டிவி முன்னால் உட்கார்ந்து விடிய விடிய ஓட்டியவர்கள்தான். நாங்கள் கட்டைவிரலால் ஓட்டிய காடியை அக்கா காலால் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

மணியம் ஆசையாக பானெட் பக்கம் குனிந்தான்.

“ஏன் பார்க்கிற?”

“அழகா இருக்கு அக்கா.”

“அது எனக்குத் தெரியும். நீ ஏன் பார்க்கிற?”

மறுநாளே பானெட்டுக்கு சீல், பின்கதவுக்கு சீல், பெட்ரோல் மூடிக்கு சீல். பெட்ரோல் நிலையத்தில் அக்கா நகவெட்டியால் சீலை வெட்டி, எண்ணெய் ஊற்றி, புது சீல் மாட்டி, அதன் எண்ணைப் படித்து நோட்டில் எழுதி முடிப்பதற்குள் பின்னால் ஆறு காடிகள் ஹார்ன் அடிக்கும். அக்கா அந்த ஆறு காடிகளின் நம்பரையும் எழுதிக்கொள்வார்.

அலுவலகத்தில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. ஒரு ஸ்டோர் கீப்பருக்கு எதற்கு ரேஸ் காடி? அக்காவுக்கு ரகசியக் கணவர் இருக்கிறார் என்று அக்கௌண்ட்ஸ் பிரிவில் சொன்னார்கள். அக்கா போலீசுக்கு ஆள் காட்டுகிறார், அதற்குக் கொடுத்த காடி என்று ஜாகா சொன்னார். அதற்கேற்றாற்போல, சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் அக்கா காடியை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டு, இருட்டும் நேரத்தில்தான் வீடு திரும்புகிறார் என்று அவர் வீட்டுப் பக்கம் குடியிருந்த மணியம் துப்புக் கொண்டு வந்தான்.

“ஃபாலோ பண்ணிடுவோமா?” என்றான்.

அக்காவோடு பழகிப் பழகி எங்களுக்கும் அந்த வியாதி தொற்றியிருந்தது. அந்தச் சனிக்கிழமையே மணியத்தின் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே கிளம்பினோம். வேகமாகப் போகிறவரைப் பின்தொடர்வதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். மெதுவாகப் போகிறவரைப் பின்தொடர்ந்தால் மோட்டார் சாய்ந்து விழுந்துவிடும் என்பது அன்றுதான் தெரிந்தது. மணிக்கு இருநூறைத் தொடக்கூடிய காடியை அக்கா நாற்பதில் ஓட்டினார். கிள்ளான் வந்ததும் ஒரு ரவுண்டபவுட்டில் மூன்று சுற்று சுற்றினார். நாங்களும் மூன்று சுற்று சுற்றினோம். பிறகு ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் நுழைந்து மறைந்துவிட்டார்.

மாடி மாடியாகத் தேடினோம். மூன்றாவது மாடியில் கேம் சென்டர். ஒரு ரேஸ் மெஷினைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் வாயைப் பிளந்து நின்றார்கள். எட்டிப் பார்த்தோம்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சீல் அக்கா ஓட்டிக்கொண்டிருந்தார். திரையில் வெள்ளை இன்டெக்ரா. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு மற்றக் காடிகளைத் தட்டாமல் முட்டாமல் தாண்டிக்கொண்டே போனது. அக்காவின் முகத்தில் ஓர் அசைவு இல்லை. ஸ்டோரில் ஆணி எண்ணும் அதே முகம். முதல் இடம். கூட்டம் கைதட்டியது.

அக்கா திரும்பாமலே பேசினார்.

“மணியம், உன் ஹெல்மெட் ஸ்கிரீன்ல தெரியுது. ரவுண்டபவுட்ல மூணு சுத்து சுத்தினதும் நீங்கதானே?”

ஓடிவிடலாமா என்று பார்த்தோம். பின்னால் கூட்டம் விடவில்லை. அக்கா எழுந்து எங்களை ஒரு மூலைக்குக் கூட்டிப் போய், மேனேஜர் அனுப்பினாரா, ஜாகா அனுப்பினாரா, இருவரும் சேர்ந்து அனுப்பினார்களா என்று கால் மணி நேரம் விசாரித்தார். கடைசியில், நாங்கள் வெறும் முட்டாள்கள், எங்கள் பின்னால் யாரும் இல்லை என்று திருப்தியான பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

அக்காவின் தங்கை செல்விக்குச் சிறுநீரகம் பழுது. அக்காவும் தங்கையும்தான் வீட்டில். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இரண்டு நாள் நிலையத்து வேனே கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டு வந்து விடும். சனிக்கிழமை வேன் கொண்டு போய் விடுவதோடு சரி, திரும்பக் கூட்டி வருவது அக்கா. நிலையம் பேரங்காடிக்கு அடுத்த கட்டடம். நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

“அங்க இருக்கிற நாற்காலியெல்லாம் நோயாளிங்களுக்கே பத்தாது. இங்க வந்தேன். இந்த ஒரு சீட்டுதான் காலியா இருந்துச்சு. சும்மா உக்காரக் கூடாது, விளையாடணும்னு சொல்லிட்டாங்க. சரின்னு விளையாடினேன்.”

“அதுக்காக அதே காடிய வாங்கிட்டீங்களா அக்கா?” என்றான் மணியம்.

“செல்விய கூட்டிட்டு வர எப்படியும் ஒரு காடி வேணும்லா. தெரியாத காடிய எப்படி நம்பறது? இது ஒண்ணரை வருஷமா எனக்குப் பழக்கம்.”

“வேற காடியே ஓட்டிப் பார்க்கலையா?”

“பார்த்தேன். மத்த ரேஸ் காடியெல்லாம் பின் சக்கரம் தள்ளித்தான் ஓடுது. வளைவுல வால ஆட்டிட்டு எங்கயாவது இழுத்துட்டுப் போயிடுது. பின்னாலேர்ந்து தள்ளுறவன எனக்குப் பிடிக்காது தம்பி. அவன் என்ன செய்யறான்னு நமக்குத் தெரியாது. இது முன் சக்கரம் இழுக்கிற காடி. இழுக்கிறவன் கண்ணு முன்னாடியே இருக்கான்.”

காடியின் இயக்கத்தைப் பற்றி இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த மெக்கானிக்கிடமும் கேட்டதில்லை.

சுங்கை வேயில் பழைய காடி விற்பவரிடம் இதை வாங்கப் போன கதையையும் அன்று சொன்னார். கேமில் ஆறு கியர், இதில் ஆறு இருக்கிறதா? கேமில் மீட்டர் முள் இந்த இடத்தில் தொடங்கும், இதில் எங்கே? கேமில் சீட்டுத் துணியில் எழுத்து இருக்கும், இதில் உண்டா? சிவப்புச் சின்னத்தை ஒட்டி டைப் ஆர் என்று ஏமாற்றுகிறவர்கள் உண்டு என்று யாரோ சொல்லிக் கேட்டு, சின்னத்தை நகத்தால் சுரண்டியும் பார்த்திருக்கிறார். இரண்டு மணி நேரம் கழித்து விற்பவர் கையெடுத்துக் கும்பிட்டாராம்: “ஆன்டி, நீங்க காடி வாங்க வந்தீங்களா, ரெய்டு வந்தீங்களா?”

விஷயத்தை வெளியே சொல்ல மாட்டோம் என்று எங்கள் இருவரிடமும் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டார். அலுவலகத்தில் ரகசியக் கணவர் கதை நடந்துகொண்டே இருந்தது. நாங்கள் வாய் திறக்கவில்லை.

இதெல்லாம் சிரிப்பு. சிரிப்பு வராத ஒன்றும் நடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை செல்விக்கு உடம்பு சரியில்லாமல் அக்கா லீவு போட்டார். ஸ்டோர் சாவியை என்னிடம் கொடுக்கச் சொன்னார் மேனேஜர். நானும் பெருமையாக வாங்கி இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தேன். திங்கட்கிழமை காலை எண்ணிப் பார்த்தால் ஆறு பெட்டிகளைக் காணவில்லை. சாதாரணப் பெட்டிகள் இல்லை. ஜப்பானிலிருந்து வந்த இயந்திரக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள். சாவி வைத்திருந்தது நான். கையெழுத்து என்னுடையது. வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “ஃபைவ் ஓ’க்ளாக். பெட்டி வரலன்னா, நான் போலீஸ் ரிப்போர்ட் செய்வேன்” என்று எல்லோர் முன்னாலும் மெல்லிய குரலில் சொல்லிவிட்டுப் போனார். கேன்டீனில் நான் உட்கார்ந்த மேசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். முந்தின வாரம்வரை என்னிடம் சம்பல் வாங்கிச் சாப்பிட்டவர்கள். அக்கா மட்டும் ஸ்டோருக்குள் தரையில் குந்தி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரையும் சந்தேகப்படுகிறவர், கையும் களவுமாகக் கிடைத்தவனை விடுவாரா?

இரண்டு மணிக்கு அக்கா என் மேசைக்கு வந்தார்.

“எழுந்திரு. காடில ஏறு.”

“போலீசுக்கா அக்கா?”

“செலாயாங்குக்கு.”

அந்தச் சிவப்பு சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. அக்கா கேட்டைத் தாண்டியதும் கேட்டார்:

“நீ எடுத்தியா?”

“இல்ல அக்கா.”

“சரி.”

நூறு கேள்வி வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

“அவ்ளோதானா அக்கா?”

“காலையில அரை மணி நேரம் உன்ன சந்தேகப்பட்டேன். அப்புறம் விட்டுட்டேன்.”

“அரை மணி நேரந்தானா?”

“அந்த ஜாகாவ ஏழு வருஷமா சந்தேகப்படுறேன்” என்றார் அக்கா. அதை ஆறுதல் மாதிரிதான் சொன்னார்.

பிறகு விளக்கினார். தரையில் தூசியில் பேலட்டின் தடம் மட்டும் இருந்தது, பேலட் இல்லை. திருடுகிறவன் பெட்டியைத் தூக்குவான். அடியில் இருக்கிற பேலட்டோடு தூக்க முடியாது. பேலட்டோடு போயிருந்தால் அது ஃபோர்க்லிஃப்ட் வேலை. மணியம் வெள்ளிக்கிழமை அவசரத்தில் தவறான லோரியில் ஏற்றியிருக்க வேண்டும். அன்று துறைமுகத்துக்குப் போன லோரியில் கூடுதலாக எதுவும் இல்லை. அக்கா கேட்டு உறுதி செய்துவிட்டார். மற்றொன்று செலாயாங்கில் ஒரு வாடிக்கையாளருக்குப் போன லோரி. அது வழியில் பழுதாகி, சனி ஞாயிறு பட்டறையில் நின்று, இன்று மதியம்தான் மறுபடி செலாயாங்குக்குக் கிளம்பியிருக்கிறது.

“அப்போ போன் பண்ணிச் சொல்லிடலாமே அக்கா.”

“லோரிக்காரன் எடுக்கல. வாங்கறவனுக்குப் போன் பண்ணா ஆறு பெட்டி நாலாயிடும். நேர்ல போகணும்.”

எனக்கு உயிர் வந்தது. உலகத்தில் எத்தனையோ கிராணிகள் மாட்டிக்கொள்கிறார்கள். எத்தனை பேரைக் காப்பாற்ற ரேஸ் காடி வருகிறது? சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டேன். காடி ஹைவேயில் ஏறியது. மீட்டரைப் பார்த்தேன். அறுபது.

கஞ்சில் என்ற பழைய குட்டிக் காடி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. தொழிற்சாலை பஸ் தாண்டிப் போனது. மீ நூடுல்ஸ் விற்கும் வண்டியைப் பக்கத்தில் மாட்டிய மோட்டாரில் போன ஒரு பெரியவர் தாண்டிப் போகும்போது எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“அக்கா, கொஞ்சம் அழுத்தலாமே.”

“முன்னாடி போறவன் எதுக்கு பிரேக் லைட்ட அடிக்கடி போடறான்னு தெரியல. பக்கத்துல போறவன் போன் பேசறான். இவங்கள நம்பி அழுத்தச் சொல்றியா?”

“கேம்ல அப்படிப் போனீங்களே!”

“அங்க யாரும் நிஜ ஆளு இல்லையே தம்பி.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தச் சிவப்பு சீட்டில் உட்கார்ந்து அழுதேன். அக்கா கண்ணாடியைப் பார்த்தார். இடது தடத்தில் எங்களுக்குச் சற்று முன்னால் மணல் லோரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் டயர் வெடித்தது அப்போதுதான்.

லோரி அப்படியே எங்கள் தடத்துக்குள் சாய்ந்து வந்தது. பின்னால் ஒரு பஸ் ஒட்டிக்கொண்டு வந்தது. பிரேக் போட வழியில்லை. அக்காவின் கை இரண்டு முறை அசைந்தது. ஐந்தாவது கியரிலிருந்து மூன்றுக்கு வந்ததை நான் பார்க்கவில்லை, வயிற்றில் உணர்ந்தேன். அதுவரை முனகிக்கொண்டிருந்த எஞ்சின் வேறு குரலில் அலறியது. லோரிக்கும் வலது பக்கத் தடுப்புக்கும் நடுவில் இருந்த இடைவெளியில், முன் சக்கரங்கள் இழுத்த இழுப்புக்குக் காடி கொஞ்சமும் வால் ஆட்டாமல் நேராகப் போய் வெளியே வந்தது. நான் கண்ணைத் திறந்தபோது பின்னால் பஸ் பத்திரமாக நின்றிருந்தது. லோரி ஓரத்தில் புழுதிக்குள் நின்றது. டிரைவர் இறங்கித் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

மீட்டர் மறுபடி அறுபதுக்கு வந்தது. அக்கா மெதுவாக மூச்சு விட்டார்.

“அந்த லோரிய பார்த்ததுமே எனக்குச் சந்தேகமா இருந்துச்சு” என்றார்.

செலாயாங் போய்ச் சேரும்போது நாலு மணி ஆகிவிட்டது. எங்கள் லோரி கிடங்கு வாசலில் பின்கதவு திறந்து நின்றது. பாதிச் சரக்கு இறங்கியிருந்தது. உள்ளே கடைசி வரிசையில், பேலட்டோடு, ஆறு பெட்டி. அக்கா ஏறி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். அந்த இடத்திலேயே ஆறுக்கும் சொந்த சீல் போட்டார். பிறகு என்னைப் பெட்டிகளுக்கு நடுவில் நிற்க வைத்துப் படம் எடுத்து மேனேஜருக்கு அனுப்பினார். பதிலுக்கு ‘ஓகே’ என்று வந்தது. அவ்வளவுதான்.

எனக்கு அதுவே போதும். அக்காவுக்குப் போதவில்லை. மறுநாள் மதியம் கேன்டீனில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேனேஜரின் மேசைக்கு நேராகப் போய் நின்றார்.

“போஸ், இந்தத் தம்பிகிட்ட சாரி சொல்லுங்க.”

“லேட்டர் லா.”

“எல்லார் முன்னாடியும்தானே திருடன் மாதிரி பேசினீங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.”

மேனேஜர் கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்து நின்று சொன்னார். பெட்டியைத் தவறாக ஏற்றிய மணியம் எனக்கு ஒரு வாரம் மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தான். அக்கா மறுநாள் காலை என் குட் மார்னிங்கை வழக்கம்போல நோட்டில் எழுதிக்கொண்டார்.

போன வருஷம் அக்காவுக்கு இடது கண்ணில் புரை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கண் மருத்துவரிடம் அறுவை செய்துகொண்டார். ஒரு மாதம் காடி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டாமல் நின்றால் பேட்டரி செத்துவிடும். நான் அதற்குள் வேறு வேலைக்கு மாறியிருந்தேன். போன் வந்தது: “ஞாயிற்றுக்கிழமை வந்து கொஞ்சம் ஓட்டி வைக்கிறியா?”

முதல் ஞாயிறு அக்கா ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு பக்கத்து சீட்டிலேயே வந்து உட்கார்ந்தார். “ஏன் ரெண்டாவது கியர்? ஏன் ஹார்ன்? அந்த ஆளு ஏன் நம்மள பார்க்கிறான்?”

இரண்டாவது ஞாயிறு செல்வி அக்காதான் கதவைத் திறந்து சாவியைக் கொடுத்தார். சீல் அக்கா மூன்றாம் மாடி பால்கனியில் நின்று, கட்டாத கண்ணால் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையசைத்தேன். பதிலுக்கு அசைக்கவில்லை, கவனம் சிதறிவிடும். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனதும் போன் வந்தது.

“பதினேழு நிமிஷம். போன வாரம் பதினாலு. மூணு நிமிஷம் எங்க போச்சு?”

“சிக்னல் அக்கா.”

“எந்தச் சிக்னல்?”

மூன்றாவது ஞாயிறும் செல்வி அக்காதான் சாவி கொடுத்தார். கீழே வந்து எஞ்சினைப் போட்டுவிட்டு மேலே பார்த்தேன். பால்கனியில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஒரு தலையும் தெரியவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு மூன்று மாடியும் ஓடி ஏறிக் கதவைத் தட்டினேன்.

“என்ன தம்பி, இப்படி மூச்சு வாங்குது?” என்றார் செல்வி அக்கா.

“அக்காவுக்கு என்ன ஆச்சு? பால்கனியில காணோமே?”

“ஒண்ணும் இல்ல, தூங்கறாங்க. காடிச் சத்தம் கேட்டதும் நான்கூட விளையாட்டுக்கு உசுப்பிப் பார்த்தேன், ‘அக்கா, யாரோ காடிய ஸ்டார்ட் பண்றாங்க’ன்னு.”

“என்ன சொன்னாங்க?”

“‘அவன்தானே’ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டாங்க.”

கொஞ்ச நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் நான் கீழே இறங்கினேன்.